படகுத்துறையில் முடிந்த நெடுஞ்சாலை: வைப்பின் தீவும் வழியுரிமையும்

கேரள மாநில நெடுஞ்சாலைகளின் பட்டியலில் 63ஆம் எண்ணைப் பெற்ற சாலை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளமே உடையது. கொச்சித் துறைமுக முகத்துவாரத்தின் வடகரையில், வைப்பின் தீவின் தென்முனையில் அது தொடங்குகிறது. எளங்குன்னப்புழை, ஞாறக்கல், நாயரம்பலம், எடவனக்காடு, குழுப்பிள்ளி ஆகிய ஊராட்சிகளைக் கடந்து வடக்கே பள்ளிப்புறத்தை அடைகிறது. மேற்கே அரபிக்கடல், கிழக்கே வேம்பநாட்டுக் காயலின் கிளைகள். தீவின் சராசரி அகலம் இரண்டு கிலோமீட்டர் அளவே ஆதலால், அங்கு வாழும் எவரும் இச்சாலையிலிருந்து நெடுந்தொலைவில் இல்லை. நாட்டின் மிக அடர்த்தியான மக்கள்தொகை கொண்ட தீவுகளுள் ஒன்றான வைப்பினுக்கு முதுகெலும்பாக அமைந்திருப்பது இந்த ஒற்றைச் சாலைதான்.

இதன் வரலாற்றில் என்னை நெடுநாளாக உறுத்திவரும் செய்தி ஒன்று உண்டு. 2004 வரை இச்சாலை தன் தென்முனையில் ஒரு படகுத்துறையில் முடிந்தது. எதிரே, கண்ணுக்குத் தெரியும் தொலைவில், எர்ணாகுளம் நகரம். உயர்நீதிமன்றம், பெரிய மருத்துவமனை, கல்லூரி, சந்தை, வேலை ஆகிய அனைத்தும் அக்கரையில் இருந்தன. தரைவழியாகவே செல்ல விரும்பியவர் நகரத்துக்கு முதுகைக் காட்டி, தீவின் நீளம் முழுவதும் வடக்கே பயணம் செய்து, செறாயியிலிருந்து பாலம் கடந்து, பரவூர் வழியாகச் சுற்றி வரவேண்டும். நகரத்தின் எதிரிலேயே இருந்த ஊர், சாலைக் கணக்கில் நகரத்தின் மிகத் தொலைவான ஊர்களுள் ஒன்றாக இருந்தது.

இந்த விலக்கத்தை இயற்கையின் செயல் என்று கருதிவிடுவது எளிது. தீவு என்றால் தனிமை என்பது பாடநூல்கள் நமக்குப் பழக்கிவிட்ட எண்ணம். வைப்பினின் வரலாறு அவ்வெண்ணத்துக்கு முரணானது. நீர் அத்தீவை எவரிடமிருந்தும் பிரிக்கவில்லை. வழி என்பது நிலத்தில் மட்டுமே உண்டு என்று அரசும் மூலதனமும் முடிவு செய்த காலத்தில்தான் வைப்பின் 'ஒதுக்குப்புறம்' ஆயிற்று. அம்முடிவு எப்படி உருவாயிற்று, அதை மாற்ற யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையே இங்கு எழுத முயல்கிறேன்.

1. வைப்பும் துருத்தியும்

1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் ஏற்பட்டது. அதனால் கொடுங்கல்லூர்த் துறைமுகம் தூர்ந்து, கொச்சியின் முகத்துவாரம் திறந்தது. வண்டலும் மணலும் படிந்து வைப்பின் உருவாயிற்று என்பது மரபான வரலாறு. அவ்வாண்டைத் தொடக்கமாகக் கொண்டு 'புதுவைப்பு' என்னும் ஆண்டுக்கணக்கே இப்பகுதியில் வழங்கியது. ஒரு நிலத்தின் பிறப்பை வைத்து மக்கள் காலத்தை எண்ணியதற்கு இது அரிய சான்று. ஒரே ஆண்டின் ஒரே வெள்ளத்தால் இத்தனையும் நிகழ்ந்திருக்குமா, அல்லது நெடுங்காலக் கடற்கரை மாற்றங்களை மக்கள் நினைவு ஓராண்டில் குவித்துக்கொண்டதா என்பது ஆய்வுக்குரியது. எப்படியாயினும், கடலும் ஆறும் சேர்ந்து 'வைத்த' நிலம் என்ற புரிதல் பெயரிலேயே பதிந்திருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இப்பெயர்கள் அயலானவை அல்ல. வைப்பு நமக்கும் வைப்புதான். கொச்சிக் காயலின் தீவுப் பெயர்களில் மீண்டும் மீண்டும் வரும் 'துருத்து', 'துருத்தி' என்பதும் நம்மிடம் உண்டு. ஆற்றிடைக்குறை என்னும் பொருளில் அது திருப்பூந்துருத்தியில் வாழ்கிறது. இன்னொரு சொல் இக்கட்டுரைக்கு மிகவும் வேண்டியது: கடவு. தமிழில் அதற்கு வழி என்பது பொருள். கடவுச்சீட்டு என்று இன்றும் எழுதுகிறோம். மலையாளத்தில் கடவு என்றால் படகுத்துறை. வழி எனப்படுவது படகேறும் இடமாகவே இருந்த ஒரு நிலப்பரப்பில் இச்சொல் அப்பொருளைப் பெற்றதில் வியப்பில்லை.

புவியியல் நோக்கில் வைப்பின், கடற்கரைக்கு இணையாக வடக்குத் தெற்காக நீளும் மணல்மேடுகளும் அவற்றிடையே தாழ்ந்த நீர்நிலைகளும் மாறிமாறி அமைந்த நிலம். மேடுகளில் வீடும் தென்னையும், தாழ்வுகளில் பொக்காளி. உவர்நீரைத் தாங்கும் இந்த நெல் வகை பருவமழையில் உவர்ப்புக் குறையும்போது பயிராகிறது. அறுவடைக்குப் பின் அதே வயலில் ஓதநீரை ஏற்றி இறால் வளர்க்கிறார்கள். நிலமும் நீரும் ஆண்டுக்கொரு முறை தம் இடத்தை மாற்றிக்கொள்ளும் வேளாண்மை இது. நிலம், நீர் என்று இரண்டாகப் பிரித்துப் பதிவு செய்யும் வருவாய்த் துறையின் கண்ணுக்கு இத்தகைய பூமி எப்போதும் தொல்லைதான்.

2. நீரே நெடுஞ்சாலையாக இருந்த காலம்

ஐரோப்பியர் வந்தபோது இக்கரையில் அவர்கள் கைப்பற்ற முனைந்தது நீர்வழிகளையே. தீவின் வடக்கே பள்ளிப்புறத்தில் போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய அறுகோணக் கோட்டை இன்றும் நிற்கிறது. இந்தியாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய ஐரோப்பியக் கட்டுமானங்களுள் அது ஒன்று. 1661இல் அது டச்சுக்காரரிடம் சென்றது. 1789இல் அவர்கள் அதனைக் கொடுங்கல்லூர்க் கோட்டையோடு சேர்த்துத் திருவிதாங்கூருக்கு விற்றனர். அவ்விற்பனையைத் திப்பு சுல்தான் ஏற்க மறுத்ததும், அது மூன்றாம் மைசூர்ப் போருக்கு இட்டுச்சென்ற காரணங்களுள் ஒன்றானதும் மாணவர் அறிந்தவை. ஒரு சிறு கோட்டைக்காக இத்தனை பூசல் ஏன்? பெரியாற்றின் கிளை கடலைச் சேரும் வாயிலை அது காத்தது. வாயிலைக் காப்பவரே மிளகையும் காத்தார்.

ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டில் எவரும் வைப்பினைப் போக்குவரத்தற்ற இடமாகக் கருதியிருக்க வாய்ப்பில்லை. காயலில் வள்ளம் ஓடிய காலத்தில் எர்ணாகுளத்துக்கு மிக அருகிலிருந்த ஊர்களில் தீவுகளும் அடங்கும். உள்நாட்டு ஊர்களே தொலைவானவை.

எனினும் அந்த நீர்யுகத்தைப் பொற்காலமாக வரைந்துவிடக் கூடாது. வள்ளம் ஊன்றியவர், மீன் பிடித்தவர், பொக்காளி வயலில் இடுப்பளவு நீரில் நின்று அறுத்தவர் ஆகியோருக்குக் கரையில் என்ன இடம் இருந்தது என்ற கேள்வி எஞ்சுகிறது. அதற்கு விடை தரும் நிகழ்ச்சி 1913இல் நடந்தது.

3. காயலில் கூடிய மாநாடு

எர்ணாகுளத்தின் எதிரே முளவுகாடு முதலிய தீவுகளில் வாழ்ந்த புலயர் மக்கள், தம் சமூகத்துக்கென ஓர் அமைப்பைத் தோற்றுவிக்க முனைந்தனர். கிருஷ்ணாதி ஆசான் முன்னின்றார். மீனவச் சமூகத்தில் பிறந்த கவிஞரும் சமூகச் சீர்திருத்தவாதியுமான பண்டிட் கே. பி. கருப்பன் துணைநின்றார். நகரத்தின் பொது இடங்கள் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தன. கூட்டம் கூட நிலம் இல்லை. ஆகவே அவர்கள் எர்ணாகுளம் காயலில் வள்ளங்களைக் கொண்டுவந்து, ஒன்றோடொன்று பிணைத்து, மேலே பலகை பரப்பி, அம்மிதக்கும் மேடையில் கூடினர். மன்னரின் மண்ணில் கூடுவதற்கே தடை. காயல் மண்ணன்று என்பதே அவர்களது தர்க்கமாக நினைவுகூரப்படுகிறது. கேரள வரலாற்றில் 'காயல் சம்மேளனம்' என்று இது அறியப்படுகிறது. கொச்சிப் புலய மகாசபை உருவான பின்னணி இதுவே.

அதன் தொடர்ச்சியாக இன்னொரு நிகழ்ச்சியும் சொல்லப்படுவதுண்டு. ஜே. டபிள்யூ. போர் கொச்சியின் திவானாக இருந்தபோது எர்ணாகுளத்தில் வேளாண் கண்காட்சி ஒன்று நடந்தது. அங்கு வைக்கப்பட்ட விளைபொருள்களை விளைவித்தவர்களுக்கே உள்ளே வர அனுமதியில்லை என்பதைக் கருப்பன் சுட்டிக்காட்டினார். அனுமதி கிடைத்ததும், காயலில் வள்ளங்களில் காத்திருந்த மக்கள் கரையேறி நகரத்துக்குள் நடந்தனர்.

சாலை வரலாறு எழுதுபவர்கள் இந்நிகழ்ச்சிகளைச் சமூகச் சீர்திருத்த வரலாற்றுக்கு விட்டுவிடுவது வழக்கம். அவை சாலை வரலாற்றின் மையத்தில் இருக்கவேண்டியவை என்பது என் கருத்து. தீவுக்கும் நகரத்துக்கும் இடையே இருந்த தடை நீரன்று என்பதை அவை ஐயமற நிறுவுகின்றன. வள்ளங்கள் கரைவரை வந்துவிட்டன. கரைதான் அவர்களை ஏற்கவில்லை. வைப்பினின் வடபகுதியிலுள்ள செறாயியில், 1917 மே மாதத்தில், அவ்வூரில் பிறந்த கே. அய்யப்பன் ஈழவரையும் புலயரையும் ஒருங்கே அமர்த்தி உண்ணச்செய்த மிசிரபோஜனமும் இதே தடையின்மீது தொடுத்த தாக்குதல்தான். அதற்காக ஊரார் அவரைப் 'புலயன் அய்யப்பன்' என்று இகழ்ந்தனர். அவர் அப்பெயரைப் பெருமையாகவே ஏற்றார். பின்னாளில் சகோதரன் அய்யப்பன் என்று நிலைபெற்றார். நவீனக் கேரளத்தின் இன்றியமையாத ஒரு திருப்புமுனை, பாலமில்லாத தீவின் ஓர் ஊரில் நிகழ்ந்தது என்பதை 'ஒதுக்குப்புறம்' என்ற சொல்லை எழுதுமுன் ஒருமுறை நினைவுகூரலாம்.

4. ஒரு தீவுக்கு உடனே, ஒரு தீவுக்குப் பின்னர்

1920இல் துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ கொச்சிக்கு வந்தார். முகத்துவாரத்தை அடைத்திருந்த மணற்றிட்டை வெட்டி ஆழப்படுத்தி, பெருங்கப்பல்கள் உள்ளே வர வழி செய்தார். தோண்டி எடுத்த மண்ணைக் கொண்டு வெண்டுருத்தியை ஒட்டிப் புதிதாக ஒரு தீவு எழுப்பப்பட்டது. வில்லிங்டன் தீவு என்று அதற்குப் பெயர். 1930களின் பிற்பகுதியிலேயே அதற்குப் பெருநிலத்தோடு பாலம் அமைந்தது, ரயிலும் தொடர்ந்தது.

இவ்விரு தீவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். ஒன்று, மக்களே இல்லாத, கையால் ஆக்கப்பட்ட நிலம். மற்றொன்று, நூற்றாண்டுகளாக மக்கள் நெருங்கி வாழ்ந்த நிலம். இரண்டும் ஒரே முகத்துவாரத்தின் கரைகளில் இருப்பவை. முதலாவதற்குப் பிறந்த சில ஆண்டுகளில் பாலம் கிடைத்தது. இரண்டாவது மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. கப்பல் செல்லும் ஆழ்தடம் குறுக்கிடுவதால் வைப்பினுக்கும் கோட்டைக் கொச்சிக்கும் இடையே பாலம் கடினம் என்பது உண்மை. ஆனால் எர்ணாகுளத்தை நோக்கி, போல்காட்டி, வல்லார்பாடம் ஆகிய தீவுகளின்மீது கால்வைத்துப் பாலம் கட்டலாம் என்பதற்குப் பின்னாளில் கட்டப்பட்ட பாலங்களே சான்று. பொறியியல் தடுத்தது என்ற வாதம் இவ்விடத்தில் நிற்பதில்லை. சரக்குக்கு உடனடியாகத் தேவைப்பட்ட வழி, மக்களுக்கு அவ்வாறு தேவையென எவருக்கும் தோன்றவில்லை.

விடுதலைக்குப் பின் சாலைகள் பெருகின. பேருந்து, சரக்குந்து, ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, குடிநீர் லாரி ஆகிய நவீன அரசின் சேவைகள் யாவும் சக்கரங்களில் வரத் தொடங்கின. இவ்வாறுதான் நீர் மெல்லமெல்ல வழி என்ற தகுதியை இழந்து தடையாயிற்று. 1968இல் மாநில நீர்ப்போக்குவரத்துத் துறை அமைக்கப்பட்டு, அதன் படகுகள் ஓடின. ஆனால் சாலைக்கு ஒதுக்கப்பட்ட நிதியும் கவனமும் படகுக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை. தீவுவாசிகள் இரண்டு உலகங்களுக்கும் இடையில் சிக்கினர்: பழைய நீர்வழி நலிந்தது, புதிய நிலவழி வந்து சேரவில்லை.

அதன் விலை 1982 ஓணத்தின்போது வெளிப்பட்டது. வைப்பினில் கள்ளத்தனமாக மெத்தில் ஆல்கஹால் கலந்த சாராயத்தைக் குடித்து 70க்கும் மேற்பட்டோர் இறந்தனர், பலர் பார்வையிழந்தனர். உயிருக்குப் போராடியவர்களைப் படகிலேற்றி அக்கரை மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. மெத்தில் ஆல்கஹால் நஞ்சில் ஒவ்வொரு மணி நேரமும் சிகிச்சையின் பயனைக் குறைக்கும். நச்சுச் சாராயத்தின் குற்றம் விற்றவர்களுடையது. தாமதத்தின் குற்றத்தை எக்கணக்கில் எழுதுவது? பாலத்துக்கான கோரிக்கை அதற்கு முன்பே இருந்தது. அந்நிகழ்ச்சிக்குப் பின் அது வசதியைக் கேட்கும் கோரிக்கை என்ற நிலையிலிருந்து உயிரைக் கேட்கும் கோரிக்கையாயிற்று.

5. பாலத்தின் விலை

மனு, ஊர்வலம், மறியல் என்று நெடுங்காலம் நடந்த போராட்டங்களின் விளைவாக 1994இல் கோஸ்ரீ தீவுகள் வளர்ச்சி ஆணையம் அமைக்கப்பட்டது. கோஸ்ரீ என்பது கொச்சியின் வடமொழிப் பெயர். பாலங்களுக்கு அரசுக் கருவூலத்திலிருந்து முழு நிதி வரவில்லை. எர்ணாகுளக் கரையோரமாகக் காயலின் ஒரு பகுதியைத் தூர்த்து நிலமாக்கி, அந்நிலத்தை விற்றுக் கிடைக்கும் தொகையில் பாலம் கட்டுவது என்பதே திட்டம். அவ்வாறே ஏறத்தாழ 25 ஹெக்டேர் காயல் நிலமாயிற்று. எர்ணாகுளம் – போல்காட்டி, போல்காட்டி – வல்லார்பாடம், வல்லார்பாடம் – வைப்பின் என மூன்று பாலங்கள் எழுந்தன. 2004இல் அவை திறக்கப்பட்டபோது, 63ஆம் எண் நெடுஞ்சாலை முதன்முறையாக நகரத்தைத் தொட்டது.

இந்நிதித் திட்டத்தை அக்காலத்தில் பலர் நுட்பமான தீர்வாகக் கண்டனர். பாலத்துக்காகக் காத்துக் களைத்திருந்த மக்கள் அதை ஏற்றதை இன்று குறைகூற எவருக்கும் தகுதியில்லை. எனினும் வரலாற்று மாணவர் இதில் தங்கிநிற்க வேண்டிய இடம் உண்டு. பெருநிலத்தின் ஊர்களுக்குப் பாலம் கட்டப்படும்போது அவ்வூரார் தம் பொதுச்சொத்தை விற்றுத் தருமாறு கேட்கப்படுவதில்லை. பாலம் அங்கே அரசின் கடமை. தீவுவாசிகள் விஷயத்தில் மட்டும் பாலத்தின் விலை காயலிலிருந்தே எடுக்கப்பட்டது. மீனவர் வலைவீசிய நீர், ஓதம் ஏறி இறங்கிய நீர், நகரத்தின் மிக விலையுயர்ந்த மனைகளாக மாறியது. 1913இல் நிலமற்றோர் கூடுவதற்கு எஞ்சியிருந்த ஒரே பொதுவெளி எர்ணாகுளம் காயல். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், கரைக்குச் செல்லும் வழியின் கட்டணமாக அதே காயலின் ஒரு பகுதி செலுத்தப்பட்டது.

இதே காலத்தில் 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கையால், தீவுகளின் எளிய குடும்பங்கள் தம் சிறு மனைகளில் வீடு கட்டவும் விரிக்கவும் இடர்ப்பட்டனர் என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும். கேரளத்தின் காயல் தீவுகளுக்கென 2011ஆம் ஆண்டு அறிவிக்கையில்தான் தனி விதிகள் சேர்க்கப்பட்டன. நீர்க்கரையைக் காக்கவேண்டும் என்ற நெறி சரியானதே. அதன் சுமை எவர் தோளில் முதலில் இறங்கியது என்பதே கேள்வி.

6. பாலத்துக்குப் பின்

பாலம் பல வாழ்க்கைகளை மாற்றியது, ஐயமில்லை. கல்லூரி மாணவியும், கட்டுமானத் தொழிலாளியும், டயாலிசிஸ் நோயாளியும் படகு நேரத்தைப் பார்த்து வாழவேண்டிய நிலை மாறியது. ஆனால் வந்தடைதல் என்பது பாலத்தோடு முடிந்துவிடவில்லை. வைப்பினிலிருந்து புறப்படும் தனியார் பேருந்துகள், பாலம் திறந்த பிறகும் பல்லாண்டுகள் உயர்நீதிமன்றச் சந்திப்போடு நிறுத்தப்பட்டன. நகருக்குள் செல்ல அவற்றுக்கு அனுமதியில்லை. பயணிகள் அங்கே இறங்கி, வேறொரு பேருந்துக்கு இன்னொரு கட்டணம் கொடுத்து ஏறவேண்டும். வைப்பின் மக்கள் இதற்கெனத் தனிப் போராட்டமே நடத்தவேண்டியிருந்தது. பெர்மிட் விதிகள் சாதியைப் பேசுவதில்லை. 1913இன் தடையையும் பேருந்துத் தடையையும் சமன்செய்வது பிழையாகும். ஆயினும் 'தீவிலிருந்து வருபவர் நகரத்தின் வாசல்வரை வரலாம்' என்னும் எல்லைக்கோடு இரு வேறு மொழிகளில் இரு முறை வரையப்பட்டிருப்பதைக் காணாமல் செல்வதும் இயலவில்லை.

பாலத்தின் மறுபயன் விரைவில் புலப்பட்டது. மக்கள் நகரத்துக்குச் செல்லத் திறந்த வழியில், நகரம் வேண்டாத கனரகத் தொழில் தீவுக்கு வந்தது. வல்லார்பாடத்தில் பன்னாட்டுச் சரக்குப் பெட்டக முனையம் 2011இல் தொடங்கியது. அதற்குச் சாலை, ரயில் இணைப்புத் தருவதற்காகப் பல ஊர்களிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 2008 பிப்ரவரி 6ஆம் நாள் மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்டமை கேரளத்தின் மனச்சாட்சியை உலுக்கியது. 316 குடும்பங்களுக்கென மறுவாழ்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதை நிறைவேற்றக் கோரும் போராட்டம் பல ஆண்டுகள் தொடர்ந்தது. காயலின்மீது 4.62 கிலோமீட்டர் நீளத்துக்கு எழுப்பப்பட்ட ரயில்பாலம், அக்காலத்தில் நாட்டின் மிக நீண்ட ரயில்பாலமாக இருந்தது. அது சரக்குக்காகக் கட்டப்பட்டது. தீவுவாசிகள் ஏறிச்செல்வதற்கு அன்று. புதுவைப்பில் 2013இல் திரவ இயற்கை எரிவாயு முனையம் இயங்கத் தொடங்கியது. அருகிலேயே சமையல் எரிவாயு முனையம் அமைப்பதை எதிர்த்து ஊர்மக்கள், பெரும்பாலும் பெண்கள், ஆண்டுக்கணக்கில் பந்தலில் அமர்ந்தனர்; 2017 ஜூனில் அவர்கள்மீது காவல்துறை தடியடி நடத்தியது.

பாலம் திறந்த அதே 2004ஆம் ஆண்டின் இறுதியில் ஆழிப்பேரலை எடவனக்காட்டுக் கரையைத் தாக்கி உயிர்களைக் கொண்டுசென்றது. அதன் பின்னும் கடல் ஆண்டுதோறும் கரையை அரிக்கிறது. கிழக்கே காயலின் ஓதம் முன்னைவிட உயர்ந்து வீட்டு முற்றங்களில் உவர்நீரை நிறைக்கிறது. கடற்சுவர் கேட்டும், குடிநீர் கேட்டும் மக்கள் அமர்ந்து மறியல் செய்யும் இடம் இதே மாநில நெடுஞ்சாலைதான். பயணத்துக்கு அமைந்த ஒற்றைச் சாலையே முறையீட்டுக்கும் அமைந்த ஒற்றை மன்றமாக இருக்கிறது. அதை மறித்தால் தீவு முழுவதும் நின்றுவிடும். நின்றால்தான் அக்கரை திரும்பிப் பார்க்கிறது.

7. மீண்டும் கடவுக்கு

2015 ஆகஸ்ட் 26ஆம் நாள், வைப்பினிலிருந்து கோட்டைக் கொச்சிக்குச் சென்ற பயணிகள் படகின்மீது மீன்பிடிப் படகு மோதியதில் 11 பேர் இறந்தனர். வைப்பினுக்கும் கோட்டைக் கொச்சிக்கும் இடையே இன்றும் பாலமில்லை. வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் புதிய படகுகள் 2018இல் வந்தன. 2023 ஏப்ரலில் கொச்சி நீர் மெட்ரோ தொடங்கப்பட்டபோது, அதன் முதல் வழித்தடம் உயர்நீதிமன்றத் துறைக்கும் வைப்பினுக்கும் இடையே அமைந்தது. மின்கலத்தில் ஓடும், குளிரூட்டப்பட்ட படகுகள். கொச்சியைச் சுற்றியுள்ள பத்துத் தீவுகளை இணைக்கும் திட்டம். நாட்டிலேயே முதலாவது என்று அது கொண்டாடப்படுகிறது.

கொண்டாட்டத்தில் குறைகாண விரும்பவில்லை. அது நல்ல படகு. ஆனால் நீரில் போக்குவரத்து நடத்தலாம் என்பதைப் புதிய கண்டுபிடிப்பாக எழுதும் செய்திகளைப் படிக்கையில், இடையில் கழிந்த நூற்றாண்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்நூற்றாண்டு முழுவதும் தீவுவாசிகள் அதே நீரில் பயணம் செய்துகொண்டுதான் இருந்தனர், கசியும் படகுகளில், நெரிசலில், கடைசிப் படகு போய்விடுமோ என்ற பதற்றத்தில். அப்போது அந்நீர் பின்தங்கியதன் அடையாளம். இன்று அதே நீர் முன்னேற்றத்தின் அடையாளம். மாறியது நீரன்று, அதில் எவ்வளவு முதலீடு செய்யத் தகும் என்ற மதிப்பீடு.

ஆய்வு மாணவர்களுக்கு இதிலிருந்து ஒரு வேண்டுகோளை மட்டும் வைக்க விரும்புகிறேன். ஆவணம் ஒன்றில் ஓர் ஊர் 'எட்டாத ஊர்' என்று குறிக்கப்பட்டிருந்தால், எக்கரையில் நின்று எழுதப்பட்டது அவ்வாக்கியம் என்று முதலில் கேளுங்கள். பிறகு, அவ்வூர் எந்த ஆண்டிலிருந்து எட்டாததாயிற்று என்று தேடுங்கள். பெரும்பாலும் ஓர் ஆண்டு கிடைக்கும். ஓர் அரசாணையோ, வேறொரு திசையில் கட்டப்பட்ட ஒரு பாலமோ கிடைக்கும். வைப்பினில் எனக்குக் கிடைத்தது, மக்கள் இல்லாத ஒரு தீவுக்கு 1930களில் போடப்பட்ட பாலம்.

உங்கள் ஊர்களில், நீங்கள் ஆய்வுசெய்யும் தீவுகளிலும் ஆற்றிடைக்குறைகளிலும் இத்தகைய வரலாறுகள் இருந்தால் கீழே எழுதுங்கள். இதில் பிழை கண்டவர்கள் திருத்தினால் நன்றியுடன் ஏற்பேன்.